வீட்டு போன் லைன் மாத்தப் போறீங்களா? எத முதல்ல செய்யணும், எத கடைசில செய்யணும்

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கம்மா இருக்கது பழைய காலத்து வீடு, சுவரே ரெண்டடி கனம், பட்டாசலுக்குள்ள வந்துட்டா செல்போன்ல ஒரு கோடுகூட நிக்காது, பேசணும்னா தார்சாவத் தாண்டி தெருவுக்கு வரணும். 78 வயசுல நடுராத்திரி நெஞ்சு வலிச்சா தெருவுல வந்து நின்னு யாருக்குப் போன் போட முடியும்? அதனால அந்த வீட்டுக்கு லேண்ட்லைன் இல்லாம ஆகாது. செம்புக்கம்பி லைன கண்ணாடி இழைல ஓடுற பைபர் லைனுக்கு மாத்த எனக்கு மூணு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் பாளையங்கோட்டைல எங்க வீடு, சித்தி வீடு, தெருவுல அஞ்சாறு வீடுன்னு கூட நின்னு மாத்திக் குடுத்துட்டேன், எல்லாரும் சறுக்குறது வரிசைலதான். லைன் வருமான்னு பாக்காம பணத்தக் கட்டுதாங்க, புதுசு ஒழுங்கா ஓடுதான்னு பாக்காம பழச வெட்டுதாங்க, நம்பர எங்கெங்க குடுத்திருக்கோம்னு யோசிக்காம சரண்டர் பண்ணுதாங்க. கீழ இருக்க வரிசைலயே போங்க.

1. ஒரு பைல், ஒரு நோட்டு, ஆதார் ஓடிபி

பைல்ல இருக்க வேண்டியது: பழைய லைனோட கடைசி ரெண்டு பில்லு, டெபாசிட் கட்டுன ரசீது இருந்தா அது, ஆதார் காப்பி, கரண்டு பில்லு இல்லன்னா வீட்டுத் தீர்வை ரசீது, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம்.

நோட்டு எதுக்குன்னா, யாருக்குப் போன் போட்டோம், எந்தத் தேதி, எத்தன மணி, பேசுனவங்க பேரு, அவங்க குடுத்த நம்பரு, எல்லாத்தையும் அன்னன்னைக்கே எழுதணும். மொத வாரத்துல இது வீண் வேலையாத் தெரியும். மூணாவது வாரம் "நீங்க கம்ப்ளைன்டே பண்ணலையே"ன்னு சொல்லும்போது இந்த நோட்டுதான் பேசும்.

இன்னொன்னு, ஆதாரோட எந்த மொபைல் நம்பர் சேந்திருக்குன்னு இப்பவே பாத்துருங்க. வயசானவங்க ஆதார்ல எப்பவோ தூக்கிப் போட்ட சிம் நம்பர்தான் இருக்கும். ஆள் வீட்டுக்கு வந்து ஓடிபி கேக்கும்போதுதான் இது தெரியவருது, அவரும் திரும்பிப் போயிருதாரு. ஆதார் மையத்துக்கு அவங்களையே கூட்டிட்டுப் போயி நம்பர மாத்திட்டு அப்புறம் விண்ணப்பம் போடுங்க.

2. லைன் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க

நான் பாத்த வீடுகள்ல பாதிக்கு மேல லைன் செத்துப்போன தாத்தா பேர்லயோ அப்பா பேர்லயோதான் ஓடிக்கிட்டு இருக்கு. பில்லு வருது, நாம கட்டுதோம், யாரும் ஒண்ணும் கேக்கல. ஆனா நம்பர பைபருக்கு மாத்தணும்னாலோ டெபாசிட்ட திருப்பி வாங்கணும்னாலோ பில்லுல பேர் இருக்க ஆளுதான் கையெழுத்துப் போடணும்பாங்க.

அதனால மத்த எல்லாத்துக்கும் முன்னாடி பேர் மாத்துங்க. பொதுவா கேக்கது இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்த கடிதம், யார் பேருக்கு மாறுதோ அவங்க ஆதார். வாரிசுச் சான்றிதழ் கைல இல்லன்னா இ-சேவை மையத்துல விண்ணப்பம் போட்டு தாலுகா ஆபீஸ்ல இருந்து வரணும், அது நாளாகுற காரியம். அக்கா மும்பைல, தம்பி துபாய்லன்னு இருந்தா கையெழுத்து வாங்கவே ஒரு மாசம் ஓடிரும். எனக்கு அந்த மூணு மாசத்துல ரெண்டு மாசம் இதுலதான் போச்சு, இத மொதல்லயே செஞ்சிருந்தா மிச்சம் வேலை ஒரு மாசத்துல முடிஞ்சிருக்கும்.

பேர் மாறுற வரைக்கும் பழைய பில்ல நிறுத்தாம கட்டுங்க. பாக்கி இருந்தா பேர் மாத்த மாட்டாங்க.

3. பழைய நம்பர் வேணுமா?

இதுலதான் தப்பான பேச்சு நெறைய. செல்போன்ல 2011 ஜனவரில இருந்து கம்பெனி மாத்தினாலும் நம்பர கூடவே கொண்டுபோகலாம். லேண்ட்லைனுக்கு அந்த வசதி நம்ம நாட்டுல கெடையாது. வேற கம்பெனிக்குப் போனா வேற நம்பர்தான். விக்க வர்ற பையன் "அதே நம்பர் வரும் சார்"னு சொன்னா, எழுதித் தரச் சொல்லுங்க, தரமாட்டான். எங்க தெருவுல ஒரு பெரியவர் இந்தப் பேச்ச நம்பி 30 வருசமா வச்சிருந்த நம்பர விட்டுட்டாரு, வெளிநாட்டுல இருக்க அவரு மக கூப்புட்டுக் கூப்புட்டுப் பாத்து பதறிப் போயிட்டா.

ஒரே கம்பெனிக்குள்ள செம்புல இருந்து பைபருக்கு மாறுனா அதே நம்பர வச்சுக்க வழி இருக்கு, ஆனா நீங்க கேக்கணும். புது கனெக்சன்னு விண்ணப்பம் போட்டா புது நம்பர்தான் குடுப்பாங்க. விண்ணப்பத்துல "பழைய நம்பரையே பைபருக்கு மாத்தணும்"னு தெளிவா எழுதி அந்த நம்பரையும் போடுங்க.

வீடு மாறுறவங்களுக்கு ஒண்ணு. நம்பர் எஸ்டிடி கோடோட ஒட்டுனது. திருநெல்வேலி 0462, தென்காசி 04633, அம்பாசமுத்திரம் 04634, வள்ளியூர் 04637. அம்பாசமுத்திரத்துல இருந்து பாளையங்கோட்டைக்கு வீடு மாறுனா நம்பரும் கூட வராது, எந்தக் கம்பெனினாலும் சரி.

4. தெருவுல போஸ்ட்டப் பாருங்க, பக்கத்து வீட்டுல கேளுங்க

வெப்சைட்ல பின்கோடு போட்டா "உங்க ஏரியால சர்வீஸ் இருக்கு"ன்னு பச்சையாக் காட்டும். அது ஊருக்கு வந்துருக்குன்னு அர்த்தம், உங்க வீட்டுக்கு வரும்னு அர்த்தமில்ல. 627401-னு ஒரு பின்கோடுக்குள்ள எத்தன தெரு இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால தெருவுல நடந்து போயி எந்தப் போஸ்ட்ல பைபர் பெட்டி தொங்குதுன்னு பாருங்க. அதுல இருந்து உங்க வீட்டு வரைக்கும் தூரம் எவ்வளவு, நடுவுல யார் மாடி வருது, அவங்க ஒயர் போக விடுவாங்களா. இத கம்பெனிக்காரங்க யாரும் முன்கூட்டியே கேக்க மாட்டாங்க, ஆள் வந்து ஏணிய சாத்துனப்புறம் "எங்க மாடில ஆணி அடிக்கக் கூடாது"ன்னு பக்கத்து வீட்டு அண்ணாச்சி சொல்லிட்டாருன்னா அன்னைக்கு வேலை அவ்வளவுதான். ரெண்டு நாள் முன்னாடி நீங்களே போயி "அண்ணாச்சி, போன் லைன் ஒண்ணு உங்க மாடி ஓரமாப் போவும், சரிதானா"ன்னு கேட்டுட்டு வந்துருங்க.

அதே தெருவுல எந்தக் கம்பெனி லைன் வச்சிருக்காங்க, கெட்டுப்போனா எத்தன நாள்ல ஆள் வருதுன்னு ரெண்டு வீட்டுல விசாரிங்க. ஊரெல்லாம் நல்லா ஓடுற கம்பெனி உங்க தெருவுல மோசமா இருக்கலாம், ஏன்னா வேலை பாக்கது அந்த ஏரியா எடுத்திருக்க ஆளுதான். என்னக் கேட்டா பிளான் வெலைய விட இந்த விசாரணைதான் முக்கியம்.

5. விலாசத்த லைன்மேன் கண்ணால எழுதுங்க

நம்ம ஊர்ல பழைய எண், புதிய எண் ரெண்டு ஓடும். ஒரே ஊர்ல பிள்ளையார் கோயில் தெரு மூணு இருக்கும். டவுன்ல வளவுக்குள்ள இருக்க வீடுன்னா ஒரே கதவு எண்ணுல ஆறு குடும்பம் இருக்கும். ஆன்லைன் பாரத்துல இருக்க சின்னக் கட்டத்துல "12, பிள்ளையார் கோயில் தெரு"ன்னு மட்டும் போட்டா ஆள் வேற தெருவுல நின்னுட்டு "வீடு பூட்டியிருக்கு"ன்னு எழுதிட்டுப் போயிருவாரு, விண்ணப்பமும் ரத்தாயிரும்.

ரெண்டு எண்ணையும் போடுங்க, வளவுன்னா வளவு பேரும் உள்ள எத்தனாவது வீடுங்கிறதும் போடுங்க, பக்கத்துல இருக்க கோயிலோ பள்ளிக்கூடமோ ரேசன் கடையோ ஒண்ணு எழுதுங்க. பகல்ல வீட்டுல இருக்கவங்க நம்பர ரெண்டாவது நம்பராக் குடுங்க.

தென்காசிப் பக்கம் இருக்கவங்களுக்கு: 2019 நவம்பர்ல தனி மாவட்டம் ஆச்சு, ஆனா நெறைய பேர் ஆதார்ல இன்னும் திருநெல்வேலி மாவட்டம்னுதான் இருக்கு. பாரத்துல பின்கோடு போட்டதும் தென்காசின்னு தானா வந்துச்சுன்னா ரெண்டும் ஒத்துப்போகலன்னு திருப்பி அனுப்பலாம். முன்னாடியே ஆதார்ல சரி பண்ணிக்கிட்டா நல்லது.

6. பணம் கட்டுறதுக்கு முன்னாடி

போட்டிருக்க வெலை வரி இல்லாத வெலை. 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், 399-னு சொன்னா கைல இருந்து போறது 471. அதோட வீட்டுக்குள்ள வைக்கிற மோடம் பெட்டிக்கு டெபாசிட்டா வாடகையா, அது திரும்பி வருமா, ஒயர் எத்தன மீட்டர் வரைக்கும் இலவசம், எத்தன மாசம் கட்டாயம் இருக்கணும், பிளான்ல வாய்ஸ் சேந்திருக்கான்னு கேளுங்க. கடைசிக் கேள்விய விட்டுறாதீங்க, இன்டர்நெட் மட்டும் குடுத்துட்டு போன் வேலை செய்யாம நின்ன வீடு எங்க தெருவுலயே ரெண்டு. பேசுனத எல்லாம் வாட்சப்ல ஒரு மெசேஜா அவங்களுக்கே அனுப்பி "சரிதானே"ன்னு பதில் வாங்கிக்கோங்க. பணத்த கம்பெனி ஆப்லயோ கவுன்டர்லயோ கட்டுங்க, வந்த ஆள் ஜிபேல போடாதீங்க.

7. ஆள் வர்ற அன்னைக்கு கூடவே நில்லுங்க

பெட்டி எங்க வைக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. பக்கத்துல பிளக் பாயின்ட் வேணும், தரைல வைக்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18-ல தாமிரபரணில வெள்ளம் வந்தப்ப சிந்துபூந்துறை, கைலாசபுரம் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி பூந்ததப் பாத்தோம்ல. நெஞ்சு உயரத்துக்கு மேல சுவத்துல மாட்டச் சொல்லுங்க.

பைபருக்குள்ள ஓடுறது வெளிச்சம், கண்ணாடி இழை. கம்பி மாதிரி மடக்கி ஆணி அடிச்சா உள்ள விரிசல் விடும், இல்ல வெளிச்சம் கசியும். மூலைல வளைக்கும்போது ஒரு டம்ளர் வாய் அளவுக்காவது வட்டமா வரணும், மிச்ச ஒயர வெட்டாம சுருட்டி மாட்டணும், பின்னால அறுந்தா அந்த மிச்சம்தான் கை குடுக்கும். வெளிய முருங்கை மரத்துலயோ தென்னை ஓலை உரசுற எடத்துலயோ கட்ட விடாதீங்க. செங்கோட்டை தென்காசிப் பக்கம் ஆனி ஆடில அடிக்க காத்துக்கு முருங்கைக் கொப்பு நிக்காது. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம்னா கொரங்கு இருக்கு, ஒயர் தொங்குனா இழுத்துரும், சுவரோட ஒட்டி கிளிப் போடச் சொல்லுங்க.

ஒயர் முனைல மாட்டுற கனெக்டர் பச்சை ஒண்ணு, நீலம் ஒண்ணுன்னு வரும். பச்சைக்கு பச்சைதான் சேரணும். மாத்தி சொருகுனாலும் சிலசமயம் லைட் எரியும், ஆனா சிக்னல் குறையும், அப்புறம் அடிக்கடி அத்துப் போவும். வந்த ஆள் கைல இருக்க மீட்டர்ல சிக்னல் எவ்வளவு காட்டுதுன்னு கேளுங்க. மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தா நல்லாருக்கு, மைனஸ் 25-ஐத் தாண்டிப் போச்சுன்னா முனைய மறுபடி வெட்டி மாட்டச் சொல்லுங்க, மைனஸ் 27-லாம் காட்டுனா கொஞ்சம் மழை காத்துக்கே நின்னுரும். அந்த மீட்டர செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வைங்க.

மச்சுலயும் அடுப்படிலயும் பழைய எக்ஸ்டென்சன் போன் இருக்கா? வீட்டுக்குள்ள இருக்க அந்தப் பழைய கம்பியையே புதுப் பெட்டியோட போன் ஓட்டைல சேத்துக்கலாம். ஆனா வெளிய இருந்து வர்ற செம்புக்கம்பிய முதல்ல கழட்டி தனியா ஒதுக்கணும். அதுல எக்ஸ்சேஞ்சுல இருந்து 48 வோல்ட் வந்துக்கிட்டு இருக்கும், ரெண்டும் மோதுனா புதுப் பெட்டி போன் பக்கம் கெட்டுப்போவும்.

சுத்துற டயல் போன் வச்சிருக்கவங்களுக்கு, புதுப் பெட்டிங்க பெரும்பாலும் அந்தப் பழைய பல்ஸ் முறைய ஏத்துக்காது. மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம், நாம டயல் பண்ண முடியாது. பட்டன் போன் ஒண்ணு வாங்கிருங்க, கீழ சுவிட்ச் இருந்தா டோன்ல வைங்க.

8. கரண்டு போனா போனும் போயிரும்

இத யாரும் சொல்ல மாட்டேங்காங்க, ஆனா வயசானவங்க வீட்டுல இதுதான் பெரிய விசயம். செம்பு லைனுக்கு கரண்டு எக்ஸ்சேஞ்சுல இருந்தே வரும், ஊரே இருட்டா இருந்தாலும் போன் அடிக்கும். பைபர்ல அப்படி இல்ல, பெட்டிக்கு நம்ம வீட்டுக் கரண்டு வேணும். மாசாந்திர பராமரிப்புன்னு காலை 9-ல இருந்து மதியம் 2 வரைக்கும் நிறுத்துறாங்களே, அந்த நேரம் முழுக்க போன் ஊமையாயிரும்.

வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா அந்த லைன்ல இருக்க பிளக்ல சொருகுங்க. இல்லன்னா பெட்டிக்குன்னே சின்ன யூபிஎஸ் விக்காங்க. வாங்கும்போது பெட்டியோட அடாப்டர்ல எத்தன வோல்ட், எத்தன ஆம்பியர்னு பாத்து அதே அளவு வாங்குங்க. பெரும்பாலும் 12 வோல்ட், ஆனா 9 வோல்ட் பெட்டில 12 சொருகுனா போச்சு.

9. சோதிக்காம ஓடிபி குடுக்காதீங்க

வேலை முடிஞ்சதும் உங்க மொபைலுக்கு ஒரு ஓடிபி வரும், அதக் குடுத்தா அவங்க கணக்குல வேலை முடிஞ்சது. எங்கம்மாட்ட "ஆச்சி, லைட்டு எரியுது பாத்தீங்களா, அந்த நம்பரச் சொல்லுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க, லைட்டு எரிஞ்சது, போன எடுத்தா சத்தமே இல்ல. அதச் சரி பண்ண 11 நாள் ஆச்சு, ஏன்னா கம்ப்யூட்டர்ல வேலை முடிஞ்சதுன்னு இருக்கு.

அதனால அவர உக்கார வச்சு காப்பி குடுத்துட்டு ஒவ்வொண்ணாப் பாருங்க. செல்போன்ல இருந்து வீட்டு நம்பருக்கு அடிங்க, மணி அடுப்படி வரைக்கும் கேக்கான்னு பாருங்க. வீட்டு போன்ல இருந்து செல்போனுக்கு முன்னாடி 0 சேத்து அடிங்க, 2021 ஜனவரி 15-ல இருந்து லேண்ட்லைன்ல அது கட்டாயம், பழைய போன்ல சேமிச்சு வச்ச நம்பர்ல 0 இல்லன்னா இப்ப போகாது. உள்ளூர் லேண்ட்லைன் ஒண்ணுக்கும் அடிங்க, எஸ்டிடி கோடு சேக்காமப் போகுதான்னு தெரிஞ்சுக்கணும். அஞ்சு நிமிசம் விடாமப் பேசிப் பாருங்க, கொரல் அத்து அத்து வந்தா அப்பவே சொல்லுங்க. கடைசியா மெயின் சுவிட்ச அணைச்சு திரும்பப் போடுங்க, யாரும் ஒண்ணும் தொடாம போன் தானா உயிர் வரணும். இவ்வளவும் ஆனப்புறம் ஓடிபி குடுங்க.

10. ஒரு மாசம் ரெண்டு லைனும் ஓடட்டும்

கம்பெனி மாறுறவங்களுக்கு இது. ஒரு மாசப் பில்லு கூடுதலாப் போவும், போகட்டும். அந்த மாசத்துல பழைய நம்பருக்கு யாரெல்லாம் கூப்பிடுதாங்கன்னு பாத்து ஒவ்வொருத்தர்ட்டயும் புது நம்பரச் சொல்லுங்க. சமையல் கேஸ் பதிவு பண்ணுற நம்பர், பேங்க், எல்ஐசி, பென்சன் ஆபீஸ், ஆஸ்பத்திரி சீட்டு, பிள்ளைங்க பள்ளிக்கூடம், எல்லாத்துலயும் மாத்துங்க. கேஸ்தான் எல்லாரும் மறக்கது, பழைய நம்பர வெட்டுனப்புறம் சிலிண்டர் தீந்து போயி பதிவு பண்ண முடியாம நிப்பாங்க.

அதே நம்பரோட பைபருக்குப் போறவங்களுக்கு ரெண்டும் சேந்து ஓடாது, பைபருக்கு நம்பர் வந்த நிமிசம் செம்பு லைன் செத்துரும். அதனால ஒயர் இழுத்து, பெட்டில இன்டர்நெட் ஓடி, சிக்னல் சரின்னு பாத்தப்புறம்தான் நம்பர மாத்தணும்னு சொல்லி வைங்க. ஒயர் இழுக்க முன்னாடியே ஆபீஸ்ல நம்பர மாத்திட்டா நடுவுல எத்தன நாள் ஆனாலும் உங்க வீட்டுல போன் இல்ல.

11. பழைய லைன ஒழுங்கா முடிங்க

பில்லு கட்டாம விட்டா தானா வெட்டிருவாங்கன்னு நெனைக்காதீங்க. பாக்கி ஏறும், டெபாசிட்ல கழிப்பாங்க.

சரண்டர் கடிதம் எழுதி நேர்ல குடுங்க. நம்பர், பேர், எந்தத் தேதில இருந்து வேண்டாம், டெபாசிட்ட எந்தப் பேங்க் கணக்குல போடணும், எல்லாம் அதுல இருக்கணும். ரெண்டு காப்பி கொண்டுபோயி ஒண்ணுல சீலும் தேதியும் வாங்கிக்கோங்க. கம்பெனி குடுத்த போனோ மோடமோ இருந்தா அடாப்டரோட திருப்பிக் குடுத்து அதுக்குத் தனியா ரசீது வாங்குங்க, ரசீது இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு மோடத்துக்கு காசு கேப்பாங்க. பேங்க்ல தானா பிடிக்கிற ஏற்பாடு இருந்தா கடைசிப் பில்லு போனப்புறம் ரத்து பண்ணுங்க.

12. இழுத்தடிச்சாங்கன்னா

கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணுனா டாக்கெட் நம்பர் (புகார் எண்) கேட்டு வாங்குங்க. லோக்கல் ஆளுக்கு நூறு வாட்ட போன் போட்டாலும் அது கம்ப்ளைன்ட் கணக்குல சேராது, டாக்கெட் நம்பர் இருந்தாத்தான் அடுத்த படி.

சொன்ன கெடு முடிஞ்சும் சரியாகலன்னா 30 நாளுக்குள்ள அதே கம்பெனியோட அப்பீல் அதிகாரிக்குப் போடலாம், காசு கிடையாது, 39 நாளுக்குள்ள அவங்க முடிவு சொல்லணும். ஒவ்வொரு கம்பெனியோட அப்பீல் விவரமும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் டிராய் நடத்துற டிசிசிஎம்எஸ் போர்ட்டல்ல இருக்கு. என் அனுபவத்துல அப்பீல் போட்ட நாலாம் நாள் ஆள் வீட்டுக்கே வந்துட்டாரு, அதுவரைக்கும் மூணு வாரமா போனே எடுக்கல.

அதுக்கும் மேல போகணும்னா மத்திய அரசோட குறைதீர்ப்பு போர்ட்டல் இருக்கு, மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கு. போன் விசயத்த நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 2022-ல சொல்லிட்டு, அதனால யாராவது "அங்கலாம் போக முடியாது"ன்னா நம்பாதீங்க.

13. போன் பக்கத்துல ஒரு அட்டை

பெரிய எழுத்துல எழுதி போனுக்கு மேல ஒட்டுங்க. இந்த வீட்டு நம்பர் எஸ்டிடி கோடோட, செல்போனுக்கு முன்னாடி 0, அவசரத்துக்கு 108, 112, பிள்ளைங்க நம்பர் 0 சேத்து, கம்ப்ளைன்ட் நம்பர், கனெக்சன் யார் பேர்ல இருக்குங்கிறது. அதுக்குக் கீழ பெட்டி லைட்டப் பத்தி ரெண்டு வரி: லைட்டே இல்லன்னா கரண்டு, பிளக்கப் பாருங்க. செவப்பு லைட் எரிஞ்சா ஒயர் வெளிய எங்கயோ போச்சு, பெட்டியத் தொடாம கம்ப்ளைன்ட் பண்ணுங்க. எங்கம்மா போன வாரம் இந்த அட்டையப் பாத்து அவங்களே செல்போன எடுத்துட்டுத் தெருவுக்குப் போயி கம்ப்ளைன்ட் பண்ணி டாக்கெட் நம்பர் வாங்கி நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க, எனக்கு மறுநாள்தான் தெரியும்.